உங்களுக்கு முன் அந்த வகுப்பில் இருந்தவர் யார்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 25. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். இப்போது வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, வியட்நாமின் ஹாய் ஃபாங் நகரில் ஒரு மொழிப் பயிற்சி மையம். மாதம் 2.8 கோடி டாங், நம் பணத்தில் ஏறத்தாழ 90,000 ரூபாய். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்டு. அவருக்கு 1,80,000 ரூபாய் தர வேண்டும். மற்றொன்று, தாய்லாந்தின் உடோன் தானி மாகாணத்தில் ஒரு தனியார் பள்ளி. மாதம் 22,000 பாட், ஏறத்தாழ 60,000 ரூபாய். பள்ளியே நேரடியாகப் பேசுகிறது. வேலை விசாவுக்குரிய கடிதங்களை அனுப்புவதாகச் சொல்கிறது. அப்பா நகையை அடகு வைத்தாவது அனுப்பத் தயார். அம்மாவுக்குப் பயம். ‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அங்கே மதிப்பு’ என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வது மனத்தை உறுத்துகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எதை ஏற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சம்பளம், விசா, ஏஜெண்டுக்கான தொகை என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உங்களுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் எங்கே போனார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்கள் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் அதைச் சரிசெய்த பிறகுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

வியட்நாமைப் பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வந்திருக்கும் வடிவத்தில் அந்த வேலையை ஏற்காதீர்கள். அந்த நாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அங்கே நிம்மதியாக வேலை செய்துகொண்டிருக்கும் நம் ஊர் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சட்டமும் உங்களுக்கு எதிராக இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத வெளிநாட்டவரும், ஆங்கிலப் பட்டமும் கற்பித்தல் சான்றும் இருந்தால், அங்குள்ள மொழி மையங்களில் முறைப்படி வேலை செய்யலாம். எம்.ஏ., பி.எட். இரண்டும் இருக்கும் உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. நேர்வழி திறந்திருக்கும்போது ஏஜெண்டு ஏன் உங்களைப் புறவாசல் வழியாக அழைக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

பணி அனுமதி வாங்குவது அங்கே வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அதற்குப் பட்டச் சான்றிதழுக்கு முறையான சான்றொப்பம் வேண்டும், காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும், செலவும் உண்டு. அந்தக் காத்திருப்பையும் செலவையும் தவிர்க்க நினைக்கும் மையம்தான் ‘சுற்றுலா விசாவில் வாருங்கள்’ என்று சொல்லும். அனுமதியில்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு வியட்நாமின் 2022ஆம் ஆண்டு ஆணைப்படி 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை அபராதம். நம் பணத்தில் ஏறத்தாழ 50,000 முதல் 85,000 ரூபாய். அதோடு நாடு கடத்தலும் உண்டு. பிடிபட்டால் அபராதம் கட்டித் திரும்பி வருபவர் நீங்கள். ஏஜெண்டு தென்காசியிலோ சென்னையிலோ அடுத்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அனுமதி இல்லாதவர் சம்பளம் கேட்டுக் குரல் உயர்த்த முடியாது. மூன்றாம் மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

அடுத்து, அந்த 1,80,000 ரூபாய். நம் நாட்டின் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 35,400. உங்களிடம் கேட்டிருப்பது அதைப் போல ஐந்து மடங்கு. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. இன்றிரவே அதில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். சென்னையில் 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். அப்பா நகையை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன் இந்த இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி சார்ந்த வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைத்துவைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். அவர்களுக்கும் நேர்காணல் நடந்தது, டிக்கெட்டும் வந்தது. ஆகவே உடோன் தானிப் பள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். பள்ளியின் பெயரைத் தாய்லாந்து மொழியில் எழுதி வாங்கி வரைபடத்தில் தேடுங்கள். பள்ளியின் தொலைபேசி எண்ணை அவர்கள் கொடுத்த கடிதத்திலிருந்து எடுக்காமல் தனியாகக் கண்டுபிடித்து, பள்ளி நேரத்தில் கூப்பிடுங்கள். பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்க வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நான் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு முன் அந்த வகுப்பில் இருந்தவர் யார்?

2006இல் எனக்கு 26 வயது. நாகர்கோவிலிலிருந்து மாலத்தீவுக்கு வேலைக்குப் போனேன். திருவனந்தபுரத்தில் நேர்காணல், பதினைந்து நிமிடம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் என்றார்கள். சம்பளம், வீடு, ஆண்டுக்கொரு விமான டிக்கெட். நானும் உங்களைப் போலவே சம்பளத்தைக் கேட்டேன், விசாவைக் கேட்டேன், வேறெதுவும் கேட்கவில்லை. மாலேயில் இறங்கி, அங்கிருந்து படகில் தெற்கே ஒரு சிறு தீவு. அவர்களும் படகைத் தோணி என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எனக்கு இருந்த ஆறுதலை இன்றும் மறக்கவில்லை.

பள்ளியில் சேர்ந்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பின் மதிப்பெண் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். பச்சை அட்டை, ஓரம் உப்புக்காற்றில் நெகிழ்ந்து போயிருந்தது. முதல் இரண்டு மாதப் பக்கங்களில் நீல மையில் சாய்ந்த கையெழுத்து. அடுத்த மாதத்திலிருந்து கறுப்பு மை, குண்டு குண்டான எழுத்து. அதற்கடுத்து ஒன்றரை மாதம் வெறும் கட்டங்கள். பிறகு பென்சிலில் யாரோ அவசரமாகப் போட்ட மதிப்பெண்கள். ஒரே கல்வியாண்டுக்குள் மூன்று ஆசிரியர்கள் வந்து போயிருந்தார்கள், நான் நான்காவது. வகுப்புக்குள் போய் என் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் இருந்த சிறுமி எழுந்து நின்று, கேலியாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: “மிஸ், நீங்கள் எப்போது போவீர்கள்?”

அந்த மூவரும் ஏன் போனார்கள் என்பது ஒரு மாதத்தில் எனக்கே புரிந்துவிட்டது. சம்பளம் ரூஃபியாவில் வந்தது. ரூஃபியாவை அந்த நாட்டுக்கு வெளியே யாரும் வாங்கமாட்டார்கள். டாலராக மாற்றி வீட்டுக்கு அனுப்பவோ வங்கியில் வரிசையும் வரம்பும். வெளியே மாற்றினால் விலை கூடுதல். சொன்ன வீடு கிடைக்கவில்லை, மூன்று பேருக்கு ஓர் அறை. ஒன்பது, பத்தாம் வகுப்போடு மூன்றாம் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. எனக்கு முன் இருந்த மூவரில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

அப்படியும் நான் அங்கே இரண்டு ஆண்டுகள் இருந்தேன். காரணம், கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு மூத்த ஆசிரியை. இரவு மின்விசிறிக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்து, மறுநாள் பாடத்தை என்னோடு பிரித்துப் பார்ப்பார். “புரிந்ததா என்று கேட்காதே. புரிந்ததா என்றால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். செய்து காட்டச் சொல்” என்பார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மூன்று வரை எண்ணிக் காத்திருக்கச் சொன்னவர் அவர்தான். நம் ஊரில் நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை, நானே பதிலும் சொல்லிவிடுவேன். பி.எட். எனக்குத் தராத பயிற்சியை அந்தப் பாயில் பெற்றேன். சம்பளத்தில் நான் ஏமாந்தது உண்மை. ஆசிரியையாக நான் உருவானதும் அந்தத் தீவில்தான்.

ஆகவே உடோன் தானிப் பள்ளிக்கு நீங்கள் எழுத வேண்டிய முதல் கடிதம் சம்பளத்தைப் பற்றியதாக இருக்க வேண்டாம். ‘எனக்கு முன் இந்த வகுப்புகளை எடுத்தவரோடும், இப்போது பள்ளியில் வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடும் பேச விரும்புகிறேன்’ என்று பணிவாகக் கேளுங்கள். தாய்லாந்துப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் விசா, சம்பளம், மரியாதை எல்லாவற்றிலும் அவர்கள் நிலை நம் நிலைக்கு நெருக்கமானது. பேசும்போது ‘பள்ளி எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். சென்ற மாதம் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, உங்கள் பணி அனுமதி எத்தனை நாளில் கையில் கிடைத்தது, பாடம் சரிவரப் போகாத நாளில் யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பள்ளிக்குப் போகலாம். ‘யாரும் இல்லை, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்றால் யோசியுங்கள். பேசவே விடமாட்டோம் என்று பள்ளி சொன்னால் யோசிக்கவும் வேண்டாம்.

பணத்தைப் பற்றி. 90,000 பெரிதா, 60,000 பெரிதா என்று பார்த்தால் விடை எளிது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான எண்கள் அல்ல. மொழி மையங்களில் பாடம் பெரும்பாலும் மாலையிலும் சனி, ஞாயிறுகளிலும் நடக்கும், ஏனென்றால் பகலில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பல மையங்களில் எடுத்த மணி நேரத்துக்குத்தான் கூலி. அவர்கள் சொல்லும் 2.8 கோடி என்பது எல்லா வகுப்பும் நிரம்பிய மாதத்தின் கணக்காக இருக்கலாம். டெட் எனப்படும் அவர்களுடைய புத்தாண்டுக்கு மையம் ஓரிரு வாரம் மூடிக்கிடக்கும். ஒப்பந்தத்தில் ‘குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகை ஓர் ஆசை வார்த்தை மட்டுமே.

தாய்லாந்திலும் ஒரு கண்ணி உண்டு. அங்கே கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். நடுவே அக்டோபரில் விடுமுறை. உங்கள் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கா, பத்து மாதத்துக்கா என்று கேளுங்கள். பத்து மாதம் என்றால் மாதம் 22,000 பாட் என்பது ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால் 18,300 பாட்தான். அதில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட். பள்ளி தங்குமிடம் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பக் கணிசமாக மிஞ்சும், கொடுக்காவிட்டால் குறையும். இசான் எனப்படும் அந்த வடகிழக்குப் பகுதியில் வாழ்க்கைச் செலவு பாங்காக்கைவிடக் குறைவு. பன்னிரண்டு மாதச் சம்பளமும் தங்குமிடமும் எழுத்தில் கிடைத்தால் அந்த 60,000 உங்கள் 90,000ஐ வென்றுவிடும் என்பது என் கணக்கு. அடகு வட்டி இல்லாமல் போவதும் அதில் சேரும்.

தாய்லாந்தில் வேலைக்குப் போகிறவர் ‘நான்-இமிகிரண்ட் பி’ என்ற விசாவோடு போக வேண்டும். இந்தியர்கள் எளிதாகச் சுற்றுலா போய்வரும் நாடு அது என்பதால், ‘சும்மா வந்துவிடுங்கள், பிறகு லாவோஸ் போய் மாற்றிவிடலாம்’ என்று அந்தப் பள்ளியும் கடைசி நேரத்தில் சொல்லக்கூடும். உடோன் தானியிலிருந்து லாவோஸ் எல்லை ஒரு மணி நேரப் பயணம்தான். பல ஆண்டுகளாக ஆசிரியர்கள் அப்படிச் செய்தும் வந்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். சென்னையில் தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருக்கிறது. பள்ளியின் கடிதங்களை வைத்து இங்கிருந்தே விசா வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். போன பிறகு பணி அனுமதி எடுப்பதும், 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிப்பதும் உண்டு. பள்ளி அலுவலகத்தில் ஒருவர் அதற்கென்று இருப்பார், அவர் பெயரையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஆசிரியர்களுக்கு அனுமதி வழங்கும் அமைப்பின் பெயர் குருசபா. ஆமாம், நம் குருவும் சபையும்தான். உரிமம் இல்லாதவருக்குத் தற்காலிக அனுமதி இரண்டு ஆண்டுக்குக் கொடுப்பார்கள். கல்வியியல் பட்டம் இருப்பவருக்கு அடுத்த படி எளிதாகும். உங்கள் பி.எட். ஒரு மாடிப்படி போல உதவப்போவது அங்கேதான். ஆகவே பி.எட். சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைக் கடிதம் மூன்றையும் இப்போதே தயார் செய்யுங்கள். எந்த நிலையிலும் மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டும் அப்படித்தான்.

இப்போது உங்கள் மனத்தை உறுத்தும் விஷயம். உடன் வேலை செய்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். கொரிய அரசின் பள்ளித் திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களையே பெரும்பாலும் எடுக்கிறது. சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது பொது விதி. தாய்லாந்தில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்புக்கு, ஓர் ஆங்கிலேய இளைஞருக்கு ஒரு சம்பளமும் பத்தாண்டு அனுபவமுள்ள பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கு அதில் பாதியும் கொடுப்பதை நான் அங்கே வேலை செய்த நான்கு ஆண்டுகளும் பார்த்தேன். அது அநியாயம். எத்தனை ஆண்டு பழகினாலும் அது அநியாயம்தான். உங்களுக்கும் அது நடக்கும் என்று தெரிந்துகொண்டே போங்கள்.

ஆனால் அந்த வகுப்பறைக்குள் உங்களிடம் இருக்கும் ஒன்று அந்த ஆங்கிலேயரிடம் இருக்காது. நீங்கள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர். எங்கே நாக்கு இடறும் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் நாக்கே இடறியிருக்கிறது. நம் பிள்ளைகள் ‘பஸ்’ என்ற சொல்லை முடிக்க முடியாமல் ‘பஸ்ஸு’ என்று ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள். ‘ஸ்கூல்’ சிலருக்கு ‘இஸ்கூலு’ ஆகும். தாய்லாந்துப் பிள்ளைகள் நேர்மாறாக, கடைசி மெய்யை விழுங்குவார்கள் அல்லது மாற்றுவார்கள். ‘பஸ்’ அவர்கள் வாயில் ‘பத்’ என்று வரும். ‘ஸ்கூல்’ என்பது ‘சகூன்’ என்று கேட்கும், ஏனென்றால் அவர்கள் மொழியில் சொல்லின் இறுதியில் ‘ல்’ வராது, எழுதியிருந்தாலும் ‘ன்’ என்றே ஒலிக்கும். ஒரு மாலையில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை உட்கார வைத்து, ‘ல்’லுக்கு நாக்கின் நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் காட்டினேன். நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு மூக்கைப் பிடிக்கச் சொன்னேன். மூக்கைப் பிடித்தால் ‘ன்’ வராது, ‘ல்’ தடையில்லாமல் வரும். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டே ‘ஸ்கூல், ஸ்கூல்’ என்று வராந்தா முழுவதும் சொல்லிக்கொண்டு ஓடினான். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவருக்கு இந்த இடம் ஒரு சிக்கல் என்றே தோன்றாது. பள்ளி டெமோ வகுப்பு கேட்டால் இப்படி ஒன்றை எடுத்துக் காட்டுங்கள், இலக்கண வகுப்பு வேண்டாம்.

கூடவே நம் குறையையும் பார்க்க வேண்டும். நாம் வேகமாகப் பேசுகிறோம், எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையிலும், ‘ஃபொடாகிரஃபர்’ என்பதில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். நாம் இரண்டையும் ஒரே தட்டில் சொல்லிவிட்டுப் போவோம். தினமும் பத்து நிமிடம் உங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வெள்ளைக்காரர் போலப் பேச முயல வேண்டாம், அது யாருக்கும் ஒட்டாது. மெதுவாக, அழுத்தம் சரியாக, சொல்லின் முடிவு தெளிவாக இருந்தால் போதும். தாய்லாந்துப் பள்ளிகள் நம் போன்றவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 990க்கு 600 மதிப்பெண்ணாவது கேட்பது வழக்கம். எம்.ஏ. ஆங்கிலம் படித்த உங்களுக்கு அது கடினமில்லை. ஆனால் 600 வாங்கி நிறுத்தாதீர்கள். 900க்கு மேல் வாங்கினால் ‘உங்கள் ஆங்கிலம் எப்படி இருக்குமோ’ என்ற சந்தேகத்துக்கு அந்த ஒரு தாளே பதில் சொல்லிவிடும். சம்பளம் பேசும்போதும் அதை மேசைமேல் வைக்கலாம்.

ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ் ஒன்றை வாங்கச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நேரில் பிள்ளைகள் முன் நின்று எடுத்த பாடம் ஒன்றும் அதில் இருக்காது. செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சி போன்ற படிப்பில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுத்து மதிப்பிடப்படுவீர்கள். அது நல்ல படிப்பு, ஆனால் செலவு ஒரு லட்சத்துக்கும் மேல். உங்கள் பி.எட்.டும் இரண்டு ஆண்டு அனுபவமும் முதல் வேலைக்குப் போதும். இரண்டாம் வேலைக்குப் போகும்போது, சொந்தச் சம்பாத்தியத்தில் செல்டாவைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தாய்லாந்து மொழியில் ஆசிரியரைக் ‘க்ரூ’ என்பார்கள், குரு என்ற சொல்தான். ஜூன் மாதத்தில் ஒருநாள் பள்ளி முழுவதும் கூடி ஆசிரியர்களை வணங்கும் விழா உண்டு. வெட்சிப்பூ, அறுகம்புல், கத்தரிப்பூ மூன்றையும் தட்டில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் முழந்தாளில் நகர்ந்து வந்து உங்களிடம் கொடுத்து வணங்குவார்கள். வெட்சியின் ஊசிமுனை அறிவுக்கூர்மைக்கு, அறுகு வேர்பிடித்துப் படர்வதற்கு, காய்க்கும்போது தலைகவிழும் கத்தரி பணிவுக்கு. முதல் ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பிள்ளையார் முன் அறுகு வைக்கும் என் அம்மாவின் கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர்கள் சம்பளப் பட்டியல் நம்மைக் குறைத்து எழுதும். அந்தப் பிள்ளைகள் குறைக்க மாட்டார்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சைவம் என்றால் ‘ஜே’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து இருக்கும் கடையில் மீன் சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு இருக்கும். ஏப்ரல் வெயில் தென்காசிக்காரரான உங்களைக் கொஞ்சம் சோதிக்கும், குற்றாலச் சாரல் அங்கே கிடையாது.

ஹாய் ஃபாங் மையத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் நீங்களே நேரடியாக எழுதுங்கள், ஏஜெண்டு வழியாக வேண்டாம்: ‘பணி அனுமதிக்கான ஆவணங்களை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். அனுமதியும் அதற்குரிய விசாவும் கிடைத்தபின் வருகிறேன், சம்மதமா?’ சம்மதித்தால், குறைந்தபட்ச மணி நேரத்தையும் எழுதித் தந்தால், அந்த வாய்ப்பை நான் மறுபடி பார்க்கத் தயார். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

உடோன் தானிப் பள்ளி முன்னாள் ஆசிரியரின் தொடர்பைத் தந்து, பன்னிரண்டு மாதச் சம்பளத்தை எழுத்தில் கொடுத்து, விசாவுக்குரிய கடிதங்களைப் பயணத்துக்கு முன்பே அனுப்பினால் போய்விட்டு வாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மெட்ரிக் பள்ளியில் இன்னும் ஓர் ஆண்டு இருங்கள். மூன்றாண்டு அனுபவத்துக்கு வளைகுடாப் பள்ளிகளின் கதவும் திறக்கும். மாதக் கடைசிக்குள் பதில் என்று அவர்கள் வைத்த கெடுவுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ‘ஆவணங்களைச் சரிபார்க்க இரண்டு வாரம் வேண்டும்’ என்று எழுதுங்கள், நல்ல பள்ளி காத்திருக்கும்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்திடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள், தாய்லாந்து மொழிப் பக்கமும் வேண்டும். இரண்டிலும் சம்பள எண்ணும் மாத எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.